விண்டோஸ் 10-ஐ விட்டு மாறுவதா, அப்படியே விடுவதா? சேலத்து வீட்டுக் கணினிக்கு ஒரு செயல்முறை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றது. அன்றைக்குப் பிறகும் கணினி வழக்கம்போல் ஆன் ஆகிறது, டாலி திறக்கிறது, பில் அச்சாகிறது. அதனால் "ஒன்றும் ஆகவில்லையே" என்று விட்டுவிட்டவர்கள் ஒரு பக்கம். "இது இனி வேலைக்கு ஆகாது, புதுசு வாங்கிடுங்க" என்று கடையில் சொன்னதைக் கேட்டு நன்றாக ஓடும் கணினியைத் தள்ளிவிட நினைப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே அவசர முடிவு.

மூன்று விஷயங்களை வரிசையாகப் பார்த்தால் முடிவு தானாகக் கிடைக்கும். அந்தக் கணினியில் என்ன வேலை நடக்கிறது, அதோடு என்னென்ன கருவிகள் இணைந்திருக்கின்றன, உள்ளே என்ன சிப் இருக்கிறது. இந்த வரிசை முக்கியம். பெரும்பாலோர் சிப்பை முதலில் பார்த்து, "பாஸ்" என்று வந்ததும் மாற்றிவிடுகிறார்கள். மறுநாள் காலை பிரிண்டர் அச்சடிக்காதபோதுதான் மற்ற இரண்டும் நினைவுக்கு வருகின்றன.

முதலில் ஒரு தாளும் பேனாவும்

கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் மூன்று பட்டியல் எழுதுங்கள்: கடந்த ஒரு வருடத்தில் திறந்த மென்பொருட்கள், செருகிய கருவிகள், உள்நுழைந்த இணையதளங்கள். அம்மாபேட்டையில் தறிக் கணக்கு பார்க்கும் வீடானால் டாலியும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் வரும். செவ்வாப்பேட்டையில் கொலுசுப் பட்டறை என்றால் எடைத்தராசோடு இணைந்த பில் மென்பொருள் இருக்கலாம். இளம்பிள்ளையில் சேலைகளை ஆன்லைனில் விற்பவருக்கு லேபிள் பிரிண்டர், கூரியர் தளங்கள். ஏற்காட்டில் தங்கும் விடுதியோ காபித் தோட்டமோ நடத்துபவருக்கு முன்பதிவுத் தளமும் கூலிக் கணக்கு எக்செல் கோப்பும். எழுதி முடித்ததும், எது நின்றால் வருமானம் நிற்கும் என்பதை மட்டும் வட்டமிடுங்கள். அந்த வட்டங்களுக்கு விடை கிடைக்கும்வரை மேம்படுத்தலில் கை வைக்காதீர்கள்.

சிக்கல் வரும் இடங்கள் பெரும்பாலும் நான்குதான்.

பிரிண்டர் முதலாவது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் மட்டும்தான். 64 பிட் விண்டோஸில் 32 பிட் டிரைவர் (கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) ஏறாது. வீட்டில் இருக்கும் விண்டோஸ் 10 ஏற்கெனவே 64 பிட் ஆக இருந்து, அதில் பிரிண்டர் ஓடுகிறது என்றால் 11-இலும் பெரும்பாலும் ஓடிவிடும். 32 பிட் விண்டோஸ் 10-இல் ஓடும் பிரிண்டருக்கு மட்டும், தயாரிப்பாளர் தளத்தில் அந்த மாடலுக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் உடனே இறக்கி பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களை விண்டோஸ் மறுப்பது குறைவு. கணினியையே மாற்றும்போது புதியதில் பழைய பிரிண்டர் கேபிளைச் செருகும் பேரலல் போர்ட் இல்லாமல் போவதுதான் அங்கே சிக்கல்.

அடுத்தது டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். கம்பெனி, எல்எல்பி பெயரில் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்கள், டெண்டர் போடுபவர்கள் வீட்டில் இது இருக்கும். டோக்கனுக்கு ஒரு டிரைவர், தளத்தோடு பேச ஒரு சிறு மென்பொருள் என்று இரண்டு துண்டுகள் வேண்டும். இரண்டின் புதிய பதிப்பையும் முன்கூட்டியே இறக்கி வைத்து, டோக்கனின் பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா என்றும் சோதியுங்கள். தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். விண்டோஸ் மாறிய பதற்றத்தில்தான் அது நடக்கும்.

பழைய மென்பொருட்கள் மூன்றாவது. 16 பிட் காலத்து நிரல்கள் எந்த 64 பிட் விண்டோஸிலும் ஓடாது. உள்ளூரில் ஒருவர் பதினைந்து, இருபது வருடத்துக்கு முன் எழுதிக்கொடுத்த பில் மென்பொருள் 32 பிட் விண்டோஸில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அது 16 பிட்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எழுதியவர் இப்போது கிடைக்கவில்லை என்றால் அந்தக் கணினியை மாற்றாமல் வைத்துக்கொள்வதே நல்லது. எப்படி என்று பின்னால் வருகிறது. டாலி பிரைம் 64 பிட்டில்தான் ஓடுகிறது என்பதால் அதற்கு விண்டோஸ் 11 தடையில்லை. ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு விண்டோஸ் 10 நின்ற அதே நாளில் நின்றது. அவை 11-இலும் திறக்கும், ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வராது.

நான்காவது, பலரும் மறப்பது: தமிழ் எழுத்துரு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். இருக்கும் விண்டோஸின் மேலேயே மேம்படுத்தினால் எழுத்துருக்கள் அப்படியே தங்கும். டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக நிறுவினால் போய்விடும். அதனால் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்து வையுங்கள். அழைப்பிதழ், நோட்டீஸ் வடிவமைப்பவர்கள் பேஜ்மேக்கரை இன்னும் நம்பியிருந்தால், அதன் கடைசிப் பதிப்பான 7 வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது என்பதை மனதில் வைத்து முடிவெடுங்கள். புதிய கோப்புகளை யுனிகோடில் தட்டத் தொடங்குவது நல்லது. அதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் விண்டோஸிலேயே கிடைக்கின்றன.

சிப் தேறுமா?

விண்டோஸ் 11 கேட்பது இவை: ஆதரவுப் பட்டியலில் உள்ள 64 பிட் பிராசஸர், 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் வசதி), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் காவல்) வசதியுள்ள யூஇஎஃப்ஐ (புதிய வகை பயாஸ்). இவற்றில் 4 ஜிபி ராம் என்பது நிறுவ மட்டும் போதும். பிரவுசரில் ஐந்தாறு டேப் திறந்ததும் மூச்சு முட்டும். 8 ஜிபி இல்லாமல் மாறாதீர்கள். சுழலும் ஹார்டு டிஸ்க்கும் அப்படித்தான். விதிப்படி தடையில்லை, ஆனால் விண்டோஸ் 11-ஐ அதில் ஓட்டுவது ஒவ்வொரு நாளும் எரிச்சல். 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

பிராசஸர் பெயரை செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போய்ப் பார்க்கலாம். இன்டெல் கோர் வகையில் ஐ3, ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண்தான் தலைமுறையைச் சொல்லும். ஐ5-7400 என்றால் 7-ஆம் தலைமுறை. ஐ3-8100 என்றால் 8. ஐ5-10400 என்று ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு இலக்கம், அதாவது 10. ஒரு சில விதிவிலக்கு தவிர 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் தேறும். ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்து. அங்கே ஒரு கண்ணி உண்டு: பெயரில் 2200ஜி, 2400ஜி என்று வருபவை 2000 வரிசை எண்ணோடு இருந்தாலும் உள்ளே பழைய வடிவமைப்பு. எண்ணை மட்டும் நம்பாமல் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் கருவியை ஓட்டிப் பார்ப்பது பாதுகாப்பு. அது எந்த அம்சத்தில் தேறவில்லை என்பதையும் தனித்தனியாகச் சொல்லும்.

"டிபிஎம் இல்லை" என்று அது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். பிராசஸர் தேறியும் டிபிஎம் மட்டும் விழுந்தால், பெரும்பாலும் பயாஸில் (விண்டோஸுக்கு முன் எழும் போர்டின் அமைப்புத் திரை) அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றுதான் பொருள். கடையில் சேர்த்துக் கட்டிய டெஸ்க்டாப்களில் இது சாதாரணம். கணினி ஆன் ஆகும்போது பல போர்டுகளில் டெலீட் அல்லது எஃப்2, எச்பியில் எஃப்10 அழுத்தி பயாஸுக்குள் போனால், இன்டெல் போர்டில் பிடிடி என்ற பெயரிலும் ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் இருக்கும். அதை எனேபிள் செய்தால் போதும். தனி சிப் வாங்க வேண்டியதில்லை.

அடுத்த தடை கொஞ்சம் நுட்பமானது. ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். யூஇஎஃப்ஐ என்று இருந்தால் நல்லது. லெகஸி என்று இருந்தால் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்த நிலையில் நேராக பயாஸுக்குப் போய் யூஇஎஃப்ஐக்கு மாற்றினால் விண்டோஸ் எழும்பாது. கோப்புகள் அழிந்துவிட்டன என்று பயப்பட வேண்டாம். திரும்ப லெகஸிக்கு மாற்றினால் வந்துவிடும். சரியான வரிசை: முதலில் முக்கியக் கோப்புகளை நகலெடுப்பது, பிறகு டிஸ்க்கைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்ற விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியை வேலிடேட் முறையில் ஓட்டிப் பார்ப்பது, அது சரி என்றால் கன்வர்ட் முறையில் ஓட்டுவது, அதன்பின் பயாஸில் யூஇஎஃப்ஐக்கு மாற்றுவது, கடைசியாக செக்யூர் பூட். டிஸ்க்கில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன் இருந்தால் கருவி மறுக்கும். மூன்றுக்குள் குறைக்க வேண்டும். மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு தனியாகச் செருகியிருந்தால், பயாஸில் சிஎஸ்எம் என்பதை (பழைய லெகஸி முறைக்கு இடம் தரும் அமைப்பு) அணைத்ததும் திரை கறுப்பாகிவிடலாம். அப்போது மின்சாரத்தைத் துண்டித்து, போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரியைச் சில நிமிடம் கழற்றிப் போட்டால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும்.

அந்த பேட்டரியைப் பற்றி இன்னும் ஒரு சொல். சிஆர்2032 என்று எந்தக் கடையிலும் கிடைக்கும். கணினியை ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போகிறது என்றால் அது தீர்ந்துவிட்டது. தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான தளங்கள் திறக்காது, அப்டேட் இறங்காது, டிஜிட்டல் கையெழுத்தும் ஏற்காது. பயாஸில் நீங்கள் எனேபிள் செய்த டிபிஎம், செக்யூர் பூட் அமைப்புகளும் அழிந்துகொண்டே இருக்கும். மேம்படுத்தும் முன் அதை மாற்றிவிடுங்கள். மிகச் சிறிய செலவு, பெரிய தலைவலி மிச்சம்.

தேறாத கணினியை என்ன செய்வது?

கட்டாயமாக ஏற்றும் குறுக்குவழிகள் இருக்கின்றன, கடைகளிலும் செய்து தருகிறார்கள். வேலைக் கணினியில் அதைச் செய்ய வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்லவில்லை. மாதாந்திர அப்டேட் வந்தாலும் ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது. ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டும். கோர் 2 டுவோ காலத்து பிராசஸர்களில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு பூட்டே ஆகாது, குறுக்குவழியும் உதவாது.

விண்டோஸ் 10-இலேயே இன்னும் கொஞ்ச நாள் பாதுகாப்பாக இருக்க ஒரு வழி தந்திருக்கிறார்கள். இஎஸ்யூ என்ற நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். பதிப்பு 22எச்2 ஆக இருக்க வேண்டும், எல்லா அப்டேட்டும் ஏறியிருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் இணைப்பு தெரியும். கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் கட்டணமில்லை. அது வேண்டாம் என்றால் 30 டாலர் கட்டலாம், அல்லது 1,000 ரிவார்ட்ஸ் புள்ளி கொடுக்கலாம். ஒரு கணக்கின் உரிமத்தைப் பத்துக் கணினி வரை பயன்படுத்தலாம். இலவச வழியில் போகும்போது படங்கள், ஆவணங்கள் ஃபோல்டரையும் சேர்த்து ஒத்திசைக்கச் சொல்லிக் கேட்கும். இலவச இடம் 5 ஜிபிதான். குடும்பப் படங்களைச் சேர்த்தால் ஒரே நாளில் நிரம்பி, "இடம் வாங்குங்கள்" என்ற தொல்லை தொடங்கும். அமைப்புகளை மட்டும் விட்டு, மற்றதை அணைத்துவிடுங்கள்.

இந்த நீட்டிப்பு முடிவைத் தள்ளிப்போட மட்டும்தான். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கு வைரஸ் அடையாளங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்பதைக் காட்டி "அதான் ஆன்டிவைரஸ் இருக்கே" என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். தெரிந்த வைரஸைப் பிடிப்பது வேறு, விண்டோஸிலேயே இருக்கும் ஓட்டையை அடைப்பது வேறு. இரண்டாவது வேலையை ஆன்டிவைரஸ் செய்யாது.

இன்னும் விண்டோஸ் 7-இல் இருப்பவர்கள் தனிக் கணக்கு. அதன் ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்தது. குரோம் அதற்குக் கொடுத்த கடைசிப் பதிப்பு 109. வங்கித் தளம் ஒருநாள் திறக்கவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். 7-இலிருந்து கோப்புகளை வைத்துக்கொண்டு நேராக 11-க்குப் போக வழியில்லை. துடைத்துத்தான் நிறுவ வேண்டும். பழைய 7-இன் சாவியைக் கொண்டு ஆக்டிவேட் செய்வதும் 2023-இல் நின்றுவிட்டது. அந்தக் கணினிக்குப் புது உரிமம் வாங்குவதைவிட வேறு கணினி பார்ப்பது மேல்.

மூன்றாவது வழி, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ். பிரவுசர், யூடியூப், மின்னஞ்சல், கடிதம், எக்செல் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு, இவ்வளவுதான் வேலை என்றால் லினக்ஸ் மின்ட் அழகாகப் பொருந்தும். மின்ட் 22-க்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. 4 ஜிபி ராம் உள்ள கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். தமிழ் 99 தட்டச்சு உண்டு, லிப்ரே ஆபீஸ் உள்ளேயே வருகிறது. அரசு எல்காட் வழியாக 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. அவற்றில் இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த மடிக்கணினிகளில் பழையவை விண்டோஸ் 11-க்குத் தேறாது. ஒரு எஸ்எஸ்டி போட்டு மின்ட் ஏற்றினால் தம்பி தங்கைக்கு இன்னும் சில வருடம் பயன்படும். டாலியும் டிஜிட்டல் கையெழுத்தும் வேண்டியவர்கள் மட்டும் இந்தப் பக்கம் வர வேண்டாம். ஒன்று லினக்ஸுக்கென்று கிடையாது, மற்றதை ஓட வைப்பதற்குள் தாக்கல் தேதி தாண்டிவிடும். எப்படியானாலும் நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே லைவ் முறையில் ஓட்டி, வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வருகிறதா என்று பாருங்கள். டிஸ்க்கில் எதையும் தொடாமல் இதைச் செய்ய முடியும்.

நான்காவது, நெட்டைத் துண்டித்து வைத்துக்கொள்வது. 16 பிட் பில் மென்பொருள், பேஜ்மேக்கர், பேரலல் போர்ட் பிரிண்டர் என்று எதற்காகவோ அந்தக் கணினி அப்படியே வேண்டும் என்றால், வைஃபையை மறக்கச் சொல்லி, லேன் கேபிளைக் கழற்றிவிட்டு, அதை ஒரே வேலைக்கான இயந்திரமாக ஓட்டலாம். இங்கே ஆபத்து பென்டிரைவ் வழியாக வரும். ஜெராக்ஸ் கடையில் செருகிய பென்டிரைவை இதில் செருகக் கூடாது. இதற்கென்று ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகவே வாங்குவது என்று முடிவானால், பழைய அலுவலகக் கணினிகளைச் சரிசெய்து விற்கும் ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப் நல்ல தேர்வு. ஆனால் "ஐ5, 8 ஜிபி, எஸ்எஸ்டி" என்ற விளம்பரத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். 4-ஆம் தலைமுறை ஐ5-ம் ஐ5தான். டெல் ஆப்டிபிளக்ஸில் 3050 தேறாது, 3060 தேறும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கடையிலேயே ஆன் செய்யச் சொல்லி, அபௌட் பக்கத்தில் பிராசஸர் எண்ணையும், ஆக்டிவேஷன் பக்கத்தில் டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துப் பணம் கொடுங்கள். கிராக் போட்டு ஆக்டிவேட் செய்த விண்டோஸ் என்றால் விலகிக்கொள்ளுங்கள். அந்தக் கிராக்கை ஓட்டுவதற்கு டிஃபெண்டரை அணைத்திருப்பார்கள். பாதுகாப்புக்காக மாறும் வேலையில் அதைவிட முரண் கிடையாது.

தேறிய கணினியை மேம்படுத்தும் நாள்

முறையான உரிமமுள்ள விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறக் கட்டணம் இல்லை. ஹோம் இருந்தால் ஹோம், ப்ரோ இருந்தால் ப்ரோ. யாராவது "லைசென்ஸுக்கு" என்று தனியாகப் பணம் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஜிஎஸ்டி கட்டுபவர்கள் 11, 20 தேதிகளை ஒட்டியும், வருமான வரிக்காக ஜூலைக் கடைசியிலும் தொட வேண்டாம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு என்றைக்கு என்று நாளிதழில் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி மாலைகளில் சேலத்தில் கோடை மழையும் இடியும் சேர்ந்து வரும், ஏற்காட்டில் கேட்கவே வேண்டாம். அந்த மாதங்களில் காலையிலேயே தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிடுங்கள்.

யூபிஎஸ் இருக்கிறது என்று நம்புவதற்கு முன் அதைச் சோதியுங்கள். முக்கிய வேலை எதுவும் திறந்திராதபோது கணினி ஓடிக்கொண்டிருக்க, யூபிஎஸ்ஸின் பிளக்கை மட்டும் பிடுங்குங்கள். ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி செத்துவிட்டது. பேட்டரியை மட்டும் மாற்றலாம், யூபிஎஸ்ஸே புதிதாக வேண்டாம். மடிக்கணினியாக இருந்தால் பேட்டரி நிறைந்திருக்க, சார்ஜரும் செருகியிருக்கட்டும். நடுவில் மின்சாரம் போனால் விண்டோஸ் பெரும்பாலும் தானே பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். ஆனால் அதை நம்பி இறங்கக் கூடாது.

தறி ஓடும் வீடுகளில் இன்னொரு வேலை உண்டு. பஞ்சுத் தூசி பிராசஸரின் விசிறிக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் கம்பளம்போல் படிந்திருக்கும். மேம்படுத்தும்போது பிராசஸர் நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓடுவதால் சூடு ஏறி, பாதியில் அணைந்துவிடும். முந்தைய நாளே புளோயர் வைத்து ஊதிச் சுத்தம் செய்யுங்கள். விசிறியை ஒரு குச்சியால் சுழலாமல் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். ஏற்காட்டில் பிரச்சினை ஈரம். வாரக்கணக்கில் மூடிக் கிடந்த வீட்டில் கணினியை ஆன் செய்து திரை வரவில்லை என்றால், ராமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் மெதுவாகத் துடைத்துத் திரும்பச் செருகிப் பாருங்கள். வந்ததும் ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட்டபின் வேலையைத் தொடங்குங்கள்.

நெட்டும் கணக்கில் வர வேண்டும். இறங்கும் கோப்பு 5 ஜிபிக்கு மேல். தினசரி 1.5 அல்லது 2 ஜிபி தரும் மொபைல் பிளானில் ஹாட்ஸ்பாட் போட்டு இதைத் தொடங்கினால் நடுவழியில் நிற்கும். மலையில் ஃபைபர் இல்லாத வீடுகளுக்கு, கீழே சேலத்தில் யாராவது தெரிந்தவர் வீட்டில் ஐஎஸ்ஓ கோப்பை (விண்டோஸ் 11-இன் முழு நிறுவல் தொகுப்பு) இறக்கி பென்டிரைவில் எடுத்துப் போவதே வழி. பென்டிரைவ் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது, இடம் இருந்தாலும் மறுக்கும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்துவிட்டு நகலெடுங்கள். ஏற்காட்டுக்கு வந்தபின் அந்த ஐஎஸ்ஓவைக் கணினிக்கு நகலெடுத்து, இருமுறை சொடுக்கித் திறந்து, உள்ளே செட்அப்பை ஓட்டினால் போதும்.

நகல் எடுக்காமல் தொடங்கவே கூடாது. முதலில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் நலத்தைப் பாருங்கள். "குட்" என்பதற்குப் பதில் "காஷன்" என்று மஞ்சளாக வந்தால், மேம்படுத்துவதை விட்டுவிட்டு அன்றே கோப்புகளை வெளியே எடுங்கள். அந்த டிஸ்க் மேம்படுத்தலின் சுமையைத் தாங்காது. நகலில் சேர வேண்டியவை: டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், படங்கள், டாலி டேட்டா ஃபோல்டர் (அது எங்கே இருக்கிறது என்று டாலிக்குள் கம்பெனி திறக்கும் திரையிலேயே பாதை தெரியும்), ஃபான்ட்ஸ் ஃபோல்டர், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், அவுட்லுக் கோப்பு. நகலெடுத்த வெளி டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பார்த்தபின்தான் அது நகல். பார்த்ததும் கழற்றி வைத்துவிடுங்கள்.

இதன் பிறகு வேலை எளிது. வேறு நிறுவன ஆன்டிவைரஸ் இருந்தால் நீக்குங்கள். சி டிரைவில் 30 ஜிபியாவது காலி செய்யுங்கள். பிரிண்டர், பென்டிரைவ், டோக்கன் எல்லாவற்றையும் கழற்றி, கீபோர்டும் மவுசும் மட்டும் விடுங்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 11 காட்டினால் அங்கிருந்தே தொடங்கலாம். காட்டாவிட்டால் ஐஎஸ்ஓ வழி. கோப்புகளையும் ஆப்களையும் வைத்துக்கொள்ளும் தேர்வு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். அந்தத் தேர்வு மங்கலாக இருந்தால் மேலே போகாதீர்கள். பெரும்பாலும் ஐஎஸ்ஓவின் மொழி வேறாக இருக்கும். எஸ்எஸ்டியில் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிவது வழக்கம். ஹார்டு டிஸ்க்கில் அரை நாள்கூட ஆகலாம். ஒரே சதவீதத்தில் அரை மணி நேரம் நின்றாலும், டிஸ்க் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும்வரை பவர் பட்டனைத் தொடாதீர்கள்.

முதல் பத்து நாள்

மேம்படுத்தியபின் பத்து நாள்வரை, செட்டிங்ஸில் ரெக்கவரி பக்கத்திலிருந்து விண்டோஸ் 10-க்கே திரும்ப முடியும். பழையது விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டரில் காத்திருக்கும். இடம் அடைக்கிறது என்று அதை டிஸ்க் கிளீனப்பில் அழித்தால் திரும்பும் வழி அப்போதே மூடிவிடும். தாளில் வட்டமிட்டவற்றை இந்தப் பத்து நாளுக்குள் ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பதுதான் இப்போதைய வேலை. ஒரு பில் அச்சடியுங்கள், டோக்கனைச் செருகி உள்நுழையுங்கள், பழைய தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறங்கள், ஸ்கேனரில் ஒரு பக்கம் ஓட்டுங்கள். ஏதாவது ஒன்று ஓடவில்லை, டிரைவர் மாற்றியும் வரவில்லை என்றால் ஒன்பதாம் நாளுக்குள் திரும்பிவிட்டு, இஎஸ்யூவில் சேர்ந்து ஆற அமர வழி தேடலாம்.

டிஸ்க் பூட்டு பற்றியும் பார்த்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவும்போது பல கணினிகளில் டிவைஸ் என்கிரிப்ஷன் கேட்காமலே ஆன் ஆகிவிடுகிறது. பிறகு ஒருநாள் பயாஸ் அமைப்பு மாறினாலோ, போர்டைப் பழுது பார்த்தாலோ 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நீலத்திரை நிற்கும். அந்த எண் கையில் இல்லாவிட்டால் கடைக்காரரால்கூடக் கோப்புகளை எடுக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் அது சேமிக்கப்பட்டிருக்கும். இப்போதே எடுத்து, காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். கணக்கு மகன் பேரில், அவர் பெங்களூரில் இருக்கிறார் என்றால் இது இன்னும் அவசரம்.

விண்டோஸ் 11-க்கும் பதிப்புக்குப் பதிப்பு கெடு உண்டு. ஹோம், ப்ரோ பதிப்புகளில் 24எச்2-க்கு 2026 அக்டோபர் 13 வரைதான் அப்டேட். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அடுத்த பதிப்பு தயாராக இருக்கிறது என்று காட்டினால் மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய கணினியை விற்பதானால் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்வது சிறந்தது. டிஸ்க்கோடுதான் விற்க வேண்டும் என்றால், செட்டிங்ஸில் ரீசெட் திஸ் பிசி போய், எல்லாவற்றையும் நீக்கும் தேர்வில், டிரைவைத் துடைக்கும் கூடுதல் அமைப்பையும் ஆன் செய்துவிட்டு ஓட்டுங்கள். பெரிய ஹார்டு டிஸ்க்கில் அது ஒரு இரவு முழுக்க ஓடும். யூபிஎஸ்ஸிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.